ஆடுகளம் யாருடையது?



ஓட்டுச் சில்லு ஒன்றைக் கையிலெடுத்து, மண்தரையில் குனிந்து கோடு கிழிக்கும் சிறுமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாண்டி ஆடுவதற்கு அவள் கட்டம் போடுகின்றாள். கோடு முடியும் வரையில் ஆட்டம் தொடங்குவதில்லை. முடிந்த பின்னரோ, தெருவின் அந்த ஆறடி மண் வேறோர் உலகமாகி விடுகின்றது. அதற்குள் ஒற்றைக் காலால்தான் செல்ல வேண்டும். கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. வென்றவள் ஒரு கட்டத்தைத் தன் வீடாக்கிக் கொள்கின்றாள். அதில் அவள் இரண்டு காலும் ஊன்றி இளைப்பாறலாம். மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீட்டுக்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆயினும் அவள் உரிமையை எவரும் மறுப்பதில்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளி முற்றத்தில் கிழித்திருந்த இத்தகைய கோடுகளை அதிகாரிகள் பார்வையிட வரும் நாளுக்கு முன்னர் நீர் தெளித்துப் பெருக்கி அழிக்கச் சொல்லியிருக்கின்றேன். ஒரு முறையன்று, பல முறை. முற்றம் தூய்மையாயிற்று என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் ஐந்தாறு சிறுமியர் அந்த இடத்தில் நின்று, இனி எங்கே ஆடுவது என்று அறியாதவர்போல் தரையையே பார்த்துக் கொண்டிருந்தனர். அவர்கள் முகம் ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு விளங்கியது. அதை விளங்க வைத்தது என் பெயரனுடைய ஆட்டம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேசப் போகின்றேன்.

நான் வாழ்வது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவேயுள்ள சிற்றூர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். கரையும் மதகும் கலங்கலும் இல்லாத ஊரை இப்பக்கத்தில் காண்பது அரிது. இன்றைக்கு அந்த ஏரிகளுக்கு இடையில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதற் கார் 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்பீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. சுங்குவார்சத்திரத்தையடுத்த பாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. அவற்றைப் பொருத்தும் விரல்கள் பெரும்பாலும் இளம் பெண்களுடையவை. அவர்கள் தங்குவதற்கென வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இந்தத் தொழில்களால் வந்த ஊதியம் பல குடும்பங்களில் அடுப்பெரியச் செய்திருக்கின்றது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்றையும் மறைக்கலாகாது. எங்கள் ஊரில் பிள்ளைகள் சடுகுடு ஆடிய மேய்க்கால் நிலத்தில் இப்போது மதிற்சுவர் இருக்கின்றது. அறுவடை முடிந்த வயலில் பந்தாடுவோம். அந்த வயல்கள் மனைகளாகி விட்டன. சாலையில் இரவும் பகலும் கனரக வண்டிகள் ஓடுகின்றன. ஆகவே பிள்ளைகள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தனர். வீட்டுக்குள்ளிருந்து கைப்பேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் சென்றனர். விடுதியொன்றில் பலரோடு ஓரறையில் தங்கி வேலை செய்த என் பழைய மாணவி ஒருத்தி, "ஐயா, எனக்கென்று ஒரு வீடும் வாசலும் இருப்பது அந்த ஆட்டத்துக்குள்ளேதான்" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டும். பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றைத் தடை செய்ய நம் பாராளுமன்றம் 2025-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. நான் சொல்வது வேறு வகை. பலர் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகில் புகுந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு, வீடு கட்டி, நிலம் பிடித்து, நண்பரும் பகைவருமாய் வாழும் ஆட்டம். அதில் ஆடுவோன் எவ்வளவு தூரம் தன் விருப்பப்படி படைக்கலாம்? அவன் பிடித்த நிலம் யாருடையது? இவ்விரண்டுமே என் கேள்விகள்.

என் பெயரனுக்கு அப்போது பதினான்கு வயது. அவனும் அவன் தோழர் எழுவரும் மைன்கிராஃப்ட் என்னும் ஆட்டத்தில் ஓர் ஊர் கட்டிக் கொண்டிருந்தனர். சுவீடன் நாட்டில் பிறந்த இவ்வாட்டத்தின் முழுவடிவம் 2011-இல் வெளியாயிற்று. அங்கே மண், கல், மரம், நீர் யாவும் சதுரக் கட்டிகள். பெயர்த்தெடுத்து வேண்டியதைக் கட்டலாம். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "தாத்தா, நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது நம் ஊர் ஏரி எப்படி இருந்தது?" என்று கேட்டான். நான் சொல்லச் சொல்ல அவர்கள் கட்டினார்கள். கரையின் வளைவு, மூன்று மதகுகள், கலங்கலுக்குப் பக்கத்துப் புளியமரம், பிள்ளையார் கோயில், என் பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. ஏரிக்குக் கீழே எண்மரும் ஆளுக்கொரு வயலைப் பிரித்துக் கொண்டனர்.

இரண்டு திங்களில் வழக்கு வந்தது. மதகையடுத்த வயற்காரன் தன் வீட்டைப் பெரிதாக்க வாய்க்காலின் குறுக்கே சுவர் எழுப்பி விட்டான். அந்த உலகில் நீர் தன் ஊற்றிலிருந்து சமதளத்தில் ஏழு கட்டங்களுக்கு மேல் ஓடாது. இறக்கம் அமைத்துக் கொடுத்தால்தான் மேலும் செல்லும். அத்தனை கணக்காக வெட்டிய வாய்க்காலை அடைத்ததால், கடைமடைக்காரனுடைய பயிருக்கு நீரில்லை. கடைமடைக்காரன் சுவரை இடித்தான். முதல்வன் அவன் வீட்டுக்குத் தீ வைத்தான். பிறகு இருவரும் பள்ளியில் பேசிக் கொள்ளவில்லை. எண்மரும் என்னிடம் வந்து, "ஹெட்மாஸ்டர் தாத்தா, நீங்களே சொல்லுங்கள்" என்று நின்றனர்.

சுவர் கட்டியவன் சொன்னது இது: "என் நிலத்தில் நான் எதை வேண்டுமானாலும் கட்டலாம் அல்லவா? அதற்குத்தானே இந்த ஆட்டம்?" அதை அற்பமான வாதம் என்று தள்ள முடியவில்லை. அந்த ஆட்டத்தின் உயிரே படைக்கும் உரிமைதான்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் முன்பு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்ததைச் சொன்னேன். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பது அவர் கணக்கு. நிலத்துக்கு உரியவர்கள் பலர். வாய்க்கால் எல்லோருக்கும் பொது. அவ்வளவுதான் சொன்னேன். மறுவாரம் அவர்கள் தங்களுக்குள் முறைவைத்து ஒரு நீர்க்கட்டியை அமர்த்தினார்கள். வாய்க்காலின் இருமருங்கும் இரண்டு கட்டம் புறம்போக்கு என்று விதி எழுதினார்கள்.

அதற்குப் பின் அவர்கள் எழுதிய விதிதான் என்னை வியக்க வைத்தது. அந்த ஆட்டத்தில் வாளியால் நீர் மொண்டு எங்கு வேண்டுமானாலும் ஊற்றலாம். இரண்டு ஊற்றுகளை முறையாக அமைத்துவிட்டால், அள்ள அள்ளக் குறையாத கிணறு ஆகிவிடும். அதாவது, கடைமடைக்காரன் சண்டையிட்டிருக்க வேண்டுவதே இல்லை. "ஏன் அப்படிச் செய்யவில்லை?" என்று அவனைக் கேட்டேன். "வாளியால் ஊற்றினால் ஏரி எதற்கு, தாத்தா? அப்புறம் அது நம் ஊராக இருக்காதே" என்றான். எண்மரும் கூடி, 'நம் ஊரில் வாளியால் நீர் வைக்கக் கூடாது' என்று கட்டுப்பாடு செய்து கொண்டனர். ஆட்டம் கொடுத்த உரிமையொன்றைத் தாங்களே விட்டுக் கொடுத்தனர். அதனால் அவர்கள் உரிமை குறைந்ததா? ஏரிக்குப் பொருள் வந்தது. மதகுக்குப் பொருள் வந்தது. நீர்க்கட்டிக்கு மதிப்பு வந்தது. கோடு கிழித்த பின்னரே பாண்டி தொடங்குகின்றது என்று சொன்னேனே, அதுவே இது.

இது மேல்நாட்டார் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. நம் அகத்திணைப் புலவர்களை நினைத்துப் பாருங்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலம் வகுத்தனர். ஒவ்வொன்றுக்கும் பொழுதும், பறவையும், மரமும், மக்களும், உணர்ச்சியும் இன்னவை என்று அமைத்தனர். முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் அவற்றை முறைப்படுத்திற்று. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் வேடங்களுக்கு இயற்பெயர் இடலாகாது என்பதும் விதி. எவ்வெவ்வூரிலோ வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த புலவர்கள் அந்த ஒரே கற்பனை நிலத்துள் புகுந்து, தோழியாகவும் தலைவியாகவும் நின்று பேசினர். எல்லை இருந்ததனால் அவர்கள் கற்பனை வறண்டதா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அந்நிலத்துள் உலவுகின்றோம். ஒரு திணையின் கருப்பொருள் மற்றொன்றில் வந்து மயங்குவதற்கும் தொல்காப்பியம் இடம் கொடுத்தது. விதியை முழுதும் அறிந்தவனுக்கே அதை நெகிழ்க்கும் உரிமை அழகாக அமையும்.

இன்னும் அண்மையில் வருவோம். காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்து நடைபெறுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அக்கூத்தைக் கட்டைக்கூத்து என்று வழங்கும் கலைஞர்கள் 1990-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக் கொண்டனர். இரவு முழுதும் ஆட்டம். கட்டியக்காரன் வந்தால் ஊர்க்கதை, நியாயவிலைக் கடை, ஏரிச் சண்டை எல்லாம் பேச்சில் வரும். அவனுக்கு எழுதி வைத்த பாடமென்று முழுமையாக ஒன்றுமில்லை. விழாவின் இறுதியில் படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனன் உருவத்தை மண்ணால் பெரிதாக அமைத்துக் கிடத்துவார்கள். வீமன் வேடத்தாரும் துரியோதனன் வேடத்தாரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போரிடுவர். அன்று காலை அந்த வெளி குருட்சேத்திரம். நிற்கின்ற ஊரார் அனைவரும் அக்களத்தின் குடிகள். கட்டியக்காரன் எதை வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் துரியோதனனை வெல்ல வைக்க அவனுக்கு உரிமையில்லை. விழா முடிந்ததும் குருட்சேத்திரம் கலைந்துவிடும். மறுநாள் அங்கே மாடு மேயும். அந்த இடத்தை ஊரார் நம்பி விட்டுக் கொடுத்தார்கள்; ஆடியோர் ஊராரிடமே திருப்பித் தந்தார்கள்.

இப்போது கணினிக்குள் எழுந்த உலகங்களுக்கு வருவோம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் முதல் உலகத்தை அமைக்கத் தொடங்கினார். ரிச்சர்டு பார்டில் என்னும் மற்றொரு மாணவர் அதை வளர்த்தார். படம் ஏதும் இல்லை, எல்லாம் எழுத்து. 'நீ ஒரு பாதையில் நிற்கின்றாய்' என்று திரையில் எழுத்து வரும். ஆடுவோன் வடக்கே போ என்று எழுதுவான். மட் என்று பெயர் பெற்ற அந்த ஆட்டமே இன்றைய உலகங்கள் பலவற்றின் மூதாதை.

பின்னர் 1990-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்த பாவெல் கர்ட்டிஸ் லாம்டாமூ என்னும் உலகைத் திறந்தார். தம் வீட்டின் அமைப்பையே அதன் நடுவிடமாக வைத்தார். அங்கே ஆடுவோர் புதிய அறைகளையும் பொருள்களையும் தாமே படைக்கலாம். நிர்வாகம் செய்தவர்களுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். 1992-இன் இறுதியில் அவர்கள், 'இனிக் குடிகளின் சச்சரவுகளில் நாங்கள் தலையிடோம்' என்று விலகினர். அடுத்த ஆண்டே ஒருவன் தன் படைப்புத் திறமையைத் தீயவழியில் செலுத்தினான். பிறருடைய வேடங்கள் இழிசெயல் செய்வனபோல் எல்லோர் திரையிலும் எழுத்து வரும்படி செய்து, பலரை மனம் நோகச் செய்தான். எழுத்துத்தானே என்று விடுவதா, தண்டிப்பதா என்று அவ்வுலகமே கூடி வாதிட்டது. முடிவு காணாத நிலையில் மந்திரவாதி ஒருவர் தாமாகவே அவனை நீக்கினார். அதன் பின்னர் கர்ட்டிஸ், விண்ணப்பம் எழுதி வாக்கெடுப்பின் மூலம் சட்டம் செய்யும் முறையை ஏற்படுத்தினார். ஒருவனுடைய படைக்கும் உரிமை மற்றொருவனுடைய வேடத்தின் மேல் செல்லாது என்னும் பாடத்தை அவர்கள் பட்டுத் தெரிந்து கொண்டனர்.

நிலத்துக்கு வந்த நெருக்கடியையும் கேளுங்கள். 1997-இல் அல்டிமா ஆன்லைன் என்னும் உலகம் திறக்கப்பட்டது. வீடு கட்ட இடமுண்டு என்றதும் குடிகள் நெருக்கமாகக் கட்டிக் குவித்தனர். காலி மனை அரிதாயிற்று. வலியவர் எளியவரைக் கொன்று பொருளைப் பறிக்கும் தொல்லையும் மிகுந்தது. 2000-ஆம் ஆண்டில் உரிமையாளர்கள் அந்நிலம் முழுவதற்கும் இன்னொரு பிரதியைப் படைத்தனர். ஒன்றில் பழையபடி யாரும் யாரையும் தாக்கலாம். மற்றொன்றில் ஒருவர் இசைவின்றி மற்றவர் தாக்க முடியாது. மக்கள் பெருந்தொகையாய்ப் புதிய நிலத்துக்குக் குடியேறினர். நம் ஊர் நிலத்துக்கு இப்படி இன்னொரு பிரதி எடுக்க முடியுமானால் எத்தனை வழக்குகள் தீர்ந்திருக்கும்!

மிகப் பெரிய நில வழக்கு ஐஸ்லாந்து நாட்டார் 2003-இல் திறந்த ஈவ் ஆன்லைன் என்னும் ஆட்டத்தில் நடந்தது. அது விண்வெளி உலகம். விண்மீன் மண்டலங்களை ஆடுவோரின் கூட்டணிகள் பிடித்து ஆளுகின்றன. நிறுவனம் நிலத்தைப் பங்கிட்டுத் தருவதில்லை. பிடித்தவனுக்கு உரியது, காத்தவனுக்கு நிலைப்பது. ஆனால் அந்நாளில் ஆட்சியுரிமைக்கு வரி கட்டியாக வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 27-ஆம் நாள், ஒரு மண்டலத்துக்குரிய வரி கட்டப்படாமல் போய்விட்டது. உரிமை நீங்கியதும் எதிரிகள் பாய்ந்தனர். சுமார் 21 மணி நேரம் போர் நடந்தது. உலகின் பல பாகங்களிலிருந்து 7,500-க்கு மேற்பட்டோர் கலந்து கொண்டனர். பலர் கூடிப் பல வாரம் உழைத்துக் கட்டிய டைட்டன் என்னும் பெருங்கலங்கள் 75 அழிந்தன. வரி கட்டத் தவறியதால் நிலம் ஏலத்துக்குப் போன கதை நமக்குப் புதிதன்று. கற்பனையுலகிலும் வருவாய்த் துறை கண்டிப்பாகத்தான் இருக்கின்றது. அந்நாட்டார் ஒரு நல்ல செயலும் செய்தனர். 2008 முதல் ஆடுவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் நிறுவனத்தாரோடு அமர்ந்து குறைகளைச் சொல்லி வருகின்றது. அம்மன்றம் சொல்லலாம், முடிவு செய்வது நிறுவனமே.

இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி எழுகின்றது. நிலம் யாருடையது?

என் பெயரனுடைய ஊருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கின்றேன். எண்மரும் ஒரே உலகில் ஆடுவதற்காக, வேறோர் ஊரிலிருந்த ஒருவர் வாடகைக்கு எடுத்து நடத்திய சர்வரில் அதை வைத்திருந்தனர். ஒருநாள் காலையில் அந்த சர்வர் இல்லை. அவர் வாடகை கட்டுவதை நிறுத்தி விட்டார். முன்னறிவிப்பு ஏதும் இல்லை. பதினான்கு திங்கள் கட்டிய ஏரி, மதகு, வாய்க்கால், கோயில் எல்லாம் போயின. பெயரன் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. "விளையாட்டுத்தானே, விடு" என்று அவன் தந்தை சொன்னான். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் கண்முன் பள்ளி முற்றத்துச் சிறுமியர் வந்து நின்றனர். அந்தச் சொல்லை விழுங்கிக் கொண்டேன்.

இத்துன்பம் அவனுக்கு மட்டும் உரியதன்று. செகண்ட் லைஃப் என்னும் உலகத்தில், ஆடுவோர் படைத்த பொருளின் அறிவுசார் உரிமை படைத்தவருக்கே என்று 2003-இல் அறிவித்தனர். அது பெருந்தன்மையான அறிவிப்பு. ஆனால் 2006-இல், அங்கு நிலம் வாங்கிய பென்சில்வேனியா வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை, முறைகேடாக வாங்கினார் என்று கூறி நிறுவனம் மூடிவிட்டது. அவர் நிலங்கள் அனைத்தும் பறிபோயின. அவர் வழக்குத் தொடுத்தார். பூசலை நடுவர் மன்றத்தில் மட்டுமே தீர்த்துக் கொள்ள வேண்டும் என்ற நிறுவனத்தின் நிபந்தனை நியாயமற்றது என்று 2007-இல் நீதிமன்றம் கூறிற்று. பின்னர் இரு தரப்பாரும் சமாதானமாயினர். கற்பனை நிலம் வாங்கினவனுக்கு முழு உரிமையுடையதா என்னும் கேள்விக்கு விடை வரவேயில்லை.

ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் என்னும் உலகில் ஆடுவோர் நகரங்களை அமைத்து, நகரத் தலைவரையும் தேர்ந்தெடுத்து வாழ்ந்தனர். 2011 டிசம்பர் 15-ஆம் நாள் அவ்வுலகம் அணைக்கப்பட்டது. 2014-இல் வெளிவந்த தி க்ரூ என்னும் கார் ஓட்டும் ஆட்டத்தை 2024 மார்ச் இறுதியில் அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. விலை கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியவில்லை. விற்ற ஆட்டங்களை இப்படி அழிக்கலாகாது என்று ஐரோப்பாவில் எழுந்த விண்ணப்பம், 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைக் கடந்தது.

நிறுவனங்களை மட்டும் குறை கூறுவது என் நோக்கமன்று. உலகை இயக்கக் கணினி வேண்டும், மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும். வருவாய் நின்றால் எவரும் நெடுநாள் நடத்த முடியாது. நம் சாலையோரத்திலேயே இதற்குச் சான்றுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, நம் பிள்ளைகள் பல்லாயிரவருக்கு வேலை கொடுத்தது. அந்தப் பெயருடைய கைப்பேசியில் பாம்பு ஆட்டம் ஆடாத வீடு அந்நாளில் எது? 2014 நவம்பரில் அவ்வாலையின் உற்பத்தி நின்றது. பின்னர் அவ்விடத்தை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. இரும்பும் காரையும் கொண்டு எழுப்பியதே எட்டாண்டில் ஓய்ந்ததென்றால், மின்னொளியால் எழுப்பியது எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே மாணவர்களே, அந்த உலகங்களுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. தேர்வும் உறக்கமும் கெடாத அளவில் போங்கள். போகும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள்.

புகும்போதே விதியைப் படியுங்கள். பலரும் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் அந்த நீண்ட ஒப்பந்தத்தில்தான், நீங்கள் குடியானவரா, வாடகைக்காரரா, வழிப்போக்கரா என்பது எழுதியிருக்கும்.

உங்கள் கூட்டத்துக்குரிய விதியை நீங்களே கூடி எழுதுங்கள். வலியவனுக்கு மட்டும் உதவும் விதியை ஏற்காதீர்கள். கடைமடைக்காரன் ஒப்பும் விதியே நிலைக்கும். குடியாட்சியைப் பற்றி நான் வகுப்பில் முப்பதாண்டு சொன்னதைவிட அதிகமாக என் பெயரன் அந்த வாய்க்காற்கரையில் கற்றுக் கொண்டான்.

படைத்ததைப் பிறருடைய நிலத்தில் மட்டும் வைக்காதீர்கள். பிரதி எடுக்க இடமிருந்தால் எடுத்து உங்கள் வீட்டில் வையுங்கள். இடமில்லையேல் படமாக வரையுங்கள், ஏட்டில் எழுதுங்கள். நிலம் போனாலும் கைத்திறமும் நட்பும் போகா.

அந்த ஏரியின் கதை இன்னும் சிறிது உண்டு. எண்மரில் ஒரு சிறுமி, பிள்ளையார் கோயில் முன்னே தான் அமைத்த கோலம் அழகாக இருக்கின்றதென்று, பல திங்களுக்கு முன்னரே அந்த உலகின் பிரதி ஒன்றை வாங்கித் தன் தந்தையின் கணினியில் வைத்திருந்தாள். அதில் ஏரி இருந்தது. மதகு இரண்டு இருந்தன. வீடுகள் பாதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்மரும் என் வீட்டுத் திண்ணையில் கூடினர். முதலில் தாளை விரித்து, அழிந்த வாய்க்காலை நினைவிலிருந்து வரைந்தனர். சுவர் கட்டியவனும் கடைமடைக்காரனும் ஒரே பென்சிலை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தனர். மூன்றாம் மதகு எங்கே இருந்தது என்பதில் அவர்களுக்கு ஐயம் வந்தது. என்னைக் கேட்டனர். எனக்கும் ஐயம் வந்தது.

"வாருங்கள், போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தேன். ஒன்பது பேரும் மாலை வெயிலில் ஏரிக்கரையேறி நடந்தோம். மதகு புதர் மண்டிக் கிடந்தது, ஆனால் இருந்தது. அவர்கள் அடியெடுத்து அளந்து தாளில் குறித்துக் கொண்டனர். அதன் வாய்க்கால் மண்மூடிக் கிடப்பதைப் பார்த்து, "தாத்தா, இதை யார் தூர்வார வேண்டும்?" என்று கடைமடைக்காரன் கேட்டான். யாரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். எண்மர் கையெழுத்தோடு அது கிராம சபையில் கொடுக்கப்பட்டது. கிடைக்கும் விடையை அவர்களே உங்களுக்கு ஒருநாள் சொல்வார்கள்.

நான் இப்போது என் வீட்டு வாசலை அடுத்த வீட்டுச் சிறுமியருக்கு விட்டுக் கொடுத்திருக்கின்றேன். அவர்கள் ஓட்டுச் சில்லால் பாண்டிக் கட்டம் கிழித்திருக்கின்றார்கள். காலையில் வாசல் பெருக்குபவரிடம், அந்தக் கோடுகளை மட்டும் விட்டுப் பெருக்குமாறு சொல்லியிருக்கின்றேன்.